பருவமும் பக்குவமும்: மதுரை வட்டாரக் கிறிஸ்தவ எழுத்தில் மனித வளர்ச்சி

மனிதனுடைய ஆயுளைப் பருவங்களாகப் பகுத்து, ஒவ்வொரு பருவத்துக்கும் உரிய அழகையும் கடமையையும் எண்ணிப் பார்ப்பது தமிழ்நாட்டில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். ஆண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறாகக் கண்டு, அவ்வக்காலத்தில் மனித மனம் படும் பாட்டை அகப்பாட்டில் அமைத்த சங்கப் புலவர்களும், இளமை நிலையாமைக்கு ஒரு தனி அதிகாரம் வகுத்த நாலடியாரின் சமண முனிவர்களும், மீனாட்சியம்மையைக் குழந்தையாகப் பாவித்துப் பத்துப் பருவங்களில் பாடிய குமரகுருபரரும் ஏதேனும் ஒருவகையில் மதுரையோடு சம்பந்தப்பட்டவர்களே. இவ்வாறு பருவங்களைப் பற்றிய சிந்தனை முன்பே முதிர்ந்திருந்த இந்நகரத்துக்கும், வைகை பாயும் இச்சமவெளிக்கும் கிறிஸ்து சமயம் வந்து சேர்ந்தபோது, அது மனித வளர்ச்சியைப் பற்றி என்ன சொல்லிற்று, இந்த மண்ணிலிருந்து என்ன கற்றுக்கொண்டது, எதைச் சொல்லாமல் விட்டது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விவிலியம் இவ்விஷயத்தைச் சுருக்கமாகவே பேசுகிறது. பிறப்புக்கும் இறப்புக்கும், நடுவதற்கும் பிடுங்குவதற்கும், அழுகைக்கும் நகைப்புக்கும் அதனதன் காலம் உண்டென்று பிரசங்கியின் ஆசிரியர் வகுத்துரைக்கிறார். குழந்தையின் பேச்சும் எண்ணமும் வளர்ந்தவனுக்குப் பொருந்தா என்பதைப் பவுல் கொரிந்து நகரத்தார்க்கு எழுதிய நிருபத்தில் எடுத்துக்காட்டுகிறார். லூக்காவோ, பன்னிரண்டு வயதுப் பிள்ளையாக எருசலேம் தேவாலயத்தில் போதகரிடையே அமர்ந்திருந்த இயேசு, ஏறக்குறைய முப்பது வயதில் யோர்தான் நதிக்கரையில் தோன்றும் வரையில், ஞானத்திலும் வயதிலும் வளர்ந்தார் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார். நாசரேத்தூரில், பெற்றோருக்குக் கீழ்ப்பட்டு, தச்சுத் தொழில் நடந்த ஒரு வீட்டில் கழிந்த அந்தப் பதினெட்டு ஆண்டுகளைப் பற்றி வேறு செய்தி இல்லை. மதுரை வட்டாரத்துக் கிறிஸ்தவ எழுத்தை ஒருசேர வைத்து நோக்கினால், இளமையின் துறவையும் முதுமையின் கனிவையும் அது விரிவாகப் பேசியிருப்பதும், இடைப்பட்ட ஆண்டுகளின் குடும்ப வாழ்வையும் உழைப்பையும் அருகியே பேசியிருப்பதும் புலனாகும். ஆனால் அந்தக் குறையை நிறைப்பதற்கான வழியை இம்மரபின் தலைசிறந்த காப்பியமே காட்டியிருக்கிறது என்பது நமது துணிபு.

துறவியரின் தொடக்கம்

1606-ஆம் ஆண்டின் இறுதியில் மதுரைக்கு வந்து சேர்ந்த ராபர்ட் தெ நொபிலி அப்பொழுது முப்பது வயது நிரம்பாத இளைஞர். 1577-இல் ரோமாபுரியில் உயர்குடியிற் பிறந்து, இயேசு சபையிற் சேர்ந்து, கடல் கடந்து வந்த அவர், தம் நாட்டு உடையையும் உணவையும் நீக்கிக் காவி உடுத்து, புலால் மறுத்து, தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்று, தத்துவ போதகர் என்ற பெயரோடு வாழ்ந்த வரலாறு தமிழறிந்தார் பலரும் அறிந்ததே. அவர் கைக்கொண்ட முறை சரியானதா என்ற வழக்கு அவருடைய சபையாரிடையிலேயே எழுந்து, ரோமாபுரி வரை சென்று, 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியாரின் தீர்ப்பால்தான் ஓய்ந்தது. ஒருவனுடைய வாழ்வின் திடமான ஆண்டுகள் பணியில் கழியாமல் விசாரணையிலும் காத்திருப்பிலும் கழிவது எத்தகைய சோதனை என்பதை எண்ணிப் பார்த்தால், ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம் முதலிய அவருடைய உரைநடை நூல்களில் காணப்படும் பொறுமையான தர்க்கத்துக்குப் பின்னே நின்ற மனப்பயிற்சி இன்னதென்பது விளங்கும்.

நொபிலியின் முதுமை அவருடைய இளமையினும் அதிகமாகக் கவனிக்கத் தக்கது. 1640-இல் மதுரையிலேயே சிறைப்பட்டு, பின்னர் விடுதலை பெற்று, பார்வை மங்கிய நிலையில் தம் சபையாரின் கட்டளைப்படி யாழ்ப்பாணத்துக்கும் அங்கிருந்து மயிலாப்பூருக்கும் அனுப்பப்பட்ட அவர், தாம் கட்டிய பணி பிறர் கையில் நடப்பதைத் தூரத்தில் இருந்தே கேட்டறிந்தவராய், தம் நூல்களைப் பிறர் எழுதத் தாம் சொல்லித் திருத்துவதில் எஞ்சிய நாட்களைச் செலவிட்டு 1656-இல் மறைந்தார். இளமையில் நாட்டையும் குலத்தையும் துறந்தவர் முதுமையில் மதுரையையே துறக்க நேர்ந்தது. இரண்டாவது துறவு அவர் தேர்ந்துகொண்டதன்று, அவர்மேல் வந்து விழுந்தது. தானாகத் துறப்பதினும், துறக்க நேர்ந்ததை மனமுவந்து ஏற்பது கடினம் என்பதற்கு அவருடைய இறுதிக்காலமே சான்று.

அவருக்குப் பின் இயேசு சபையாரின் இதே மதுரை மிஷனில் உழைத்த ஜான் தெ பிரிட்டோ என்னும் அருளானந்தரின் ஆயுள் நாற்பத்தாறு ஆண்டுகளுக்குள் முடிந்துவிட்டது. 1647-இல் லிஸ்பன் நகரில் பிறந்து, 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் வாளுக்கு இரையான அவர், முந்திய நாளில் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் கலக்கத்தின் சாயலே இல்லை. முதுமையை அடையாமலே பக்குவத்தை அடைந்தவர்கள் உண்டு என்பதற்கும், ஆண்டுகளின் எண்ணிக்கையும் ஆன்மாவின் முதிர்ச்சியும் ஒன்றல்ல என்பதற்கும் அவரை இவ்வட்டாரத்தார் இன்றும் உதாரணமாகக் கொள்கின்றனர். 1970-இல் கருமாத்தூரில் இயேசு சபையார் நிறுவிய கல்லூரி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இத்துறவியரை உருவாக்கிய பயிற்சி, அவர்கள் சபையை நிறுவிய இஞ்ஞாசியார் பதினாறாம் நூற்றாண்டில் வகுத்த ஆன்மீகப் பயிற்சி முறையாகும். ஆன்மாவுக்கு ஆறுதலின் காலமும் வறட்சியின் காலமும் மாறி மாறி வரும் என்பதும், வறட்சிக் காலத்தில் முன்னர்ச் செய்த நல்ல தீர்மானங்களை மாற்றலாகாது என்பதும், ஆறுதல் காலத்தில் அடுத்து வரவிருக்கும் வறட்சிக்காக மனத்தைத் தயார்செய்து கொள்ளவேண்டும் என்பதும் அதன் சாரம். மழையும் கோடையும் மாறி வருவதை நம்பியே பிழைக்கும் நாட்டில் இந்த உபதேசம் அந்நியமாக ஒலித்திருக்க முடியாது. நம் கத்தோலிக்கர் 'ஞான ஒடுக்கம்' என்று வழங்கிவந்த தனிமைத் தியானமும், திண்டுக்கல் பெஸ்கி கல்லூரியில் இயேசு சபையின் இளந்துறவியர் பெறும் பயிற்சியும் இந்த ஊற்றிலிருந்து வருபவையே.

தச்சன் தலைவனான காப்பியம்

மதுரை மிஷனைச் சேர்ந்த மற்றொரு துறவியாகிய வீரமாமுனிவர் 1726-இல் இயற்றி முடித்த தேம்பாவணி, மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3,615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். அதன் சொல்வளத்தையும், கம்பனையும் சிந்தாமணியையும் கற்றுத் தோய்ந்த அதன் நடையையும் ஆராய்ந்தவர் பலர். காப்பியத் தலைவனாக முனிவர் யாரைத் தேர்ந்தார் என்பது அதனினும் ஆழ்ந்து சிந்திக்கத் தக்கது. அரசர் மரபில் வந்தும் ஆட்சி இல்லாதவர். தச்சுத் தொழிலால் பிழைத்தவர். சுவிசேஷங்களில் ஒரு வார்த்தையேனும் பேசியதாகக் குறிப்பு இல்லாதவர். இயேசு போதிக்கத் தொடங்குமுன்னரே மறைந்துபோனவர் என்று மரபு கருதும் சூசையப்பர். அவரையே வளன் என்ற பெயரால் முனிவர் காப்பியத் தலைவனாக்கினார். வாளெடுத்த வீரனையோ, அரசு துறந்த ஞானியையோ பாடுவதற்குக் கிறிஸ்தவ சரித்திரத்தில் ஆட்கள் இல்லாமல் இல்லை. இருந்தும் இத்தாலி நாட்டுத் துறவி ஒருவர், தமிழ்க் காப்பியத்தின் முழு அலங்காரத்தையும் ஓர் உழைப்பாளியான இல்லறத்தானுக்குச் சூட்டினார்.

அக்காப்பியத்தில் வளனின் பிறப்பும் இளமைச் சிறப்பும் பாடப்பட்ட பின்னர், துறவை விரும்பிக் காட்டை நாடிப் புறப்படும் இளைஞனை, முதியவர் வடிவில் தோன்றும் வானவன் ஒருவன் தடுத்து, மக்களிடையே இருந்துகொண்டே அறம் வளர்ப்பதன் மேன்மையை எடுத்துரைத்துத் திருப்பியனுப்பும் நிகழ்ச்சி அமைந்துள்ளது. இளையவனைத் துறவுக்கு அழைப்பதே பக்தி நூல்களில் பெரும்பாலும் நாம் காணும் வழி. இங்கே வானவனே அவனை வீட்டுக்கு அனுப்புகிறான். பின்னர்த் திருமணம், ஐயம், அச்சம், பெத்லகேம் பயணம், எகிப்துக்கு ஓட்டம், அந்நிய நாட்டு வாசம், மீண்டும் சொந்த ஊர், உழைப்பு, நோய், மரணம் என்று கதை செல்லுகிறது. இவற்றில் அற்புதமும் வானவர் காட்சியும் நிறைந்திருப்பினும், அவற்றை நீக்கிப் பார்த்தால் எஞ்சுவது ஒரு குடும்பத் தலைவனின் வாழ்க்கையே: பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போதல், பிள்ளையைக் காக்கும் கவலை, கைத்தொழிலின் களைப்பு, தனக்குப் பின் வருபவன் தன்னிலும் பெரியவன் என்று அறிந்து ஒதுங்கி நிற்கும் பணிவு. நோய்ப் படுக்கையில் மனைவியும் மகனும் அருகிருக்க அவர் உயிர் துறப்பதைப் பாடி, பின்னர் விண்ணில் முடிசூட்டுவதோடு காப்பியம் நிறைவு பெறுகிறது.

இதன் கருத்து ஆழமானது. லூக்கா சொல்லாமல் விட்ட பதினெட்டு ஆண்டுகளின் உள்ளே புகுந்து பார்த்த நூல் என்று தேம்பாவணியைச் சொல்லலாம். ஒருவன் வளர்வதற்குரிய இடம் தனியே ஏதும் தேட வேண்டுவதில்லை. அவனுடைய பட்டறையும் அடுப்படியும் பிள்ளைத் தொட்டிலும் நோய்ப் படுக்கையுமே போதும் என்ற முடிவுக்கு, துறவியான ஒரு கவிஞர் தம் துறவின் உச்சியிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறார். நம்மில் பலர் தேம்பாவணியை வர்ணனைக்காகப் போற்றி, அதன் வாழ்க்கைத் தத்துவத்தை மறந்துவிட்டோம்.

பசுமலையும் பாட்டுப் புத்தகமும்

யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷன் 1834-இல் மதுரையில் பணி தொடங்கிய பிறகு, சீர்திருத்தத் திருச்சபையின் எழுத்தும் இவ்வட்டாரத்தில் வேரூன்றியது. திருமங்கலத்தில் தொடங்கி 1845-இல் பசுமலைக்கு மாற்றப்பட்ட பயிற்சிப் பள்ளியும், அதிலிருந்து வளர்ந்து 1909-இல் வைகையின் வடகரைக்கு வந்த அமெரிக்கன் கல்லூரியும், 1892-இல் ஈவா ஸ்விஃப்ட் அம்மையார் பெண்களுக்கென நிறுவிய வேதாகமப் பயிற்சிப் பள்ளியும், 1948-இல் கேட்டி வில்காக்ஸ் அம்மையார் தொடங்கிய லேடி டோக் கல்லூரியும் பல தலைமுறையினரின் இளமையை உருவாக்கியவை. 'பைபிள் உமன்' என்று ஊரார் அழைத்த வேதாகம ஸ்திரீகள் வீடு வீடாகச் சென்று பெண்களுக்கு எழுத்தறிவித்தனர். அவர்களிற் பலர் விதவைகள். கணவனை இழந்த பெண்ணுக்கு வாழ்வே முடிந்துவிட்டது என்று உலகம் தீர்ப்பளித்த காலத்தில், அந்தப் பருவத்தையே பிறருக்குக் கல்வி புகட்டும் பருவமாக மாற்றிக்கொண்ட அவர்களைப் பற்றி மிஷன் அறிக்கைகளில் பிறர் எழுதிய குறிப்புகள் கிடைக்கும் அளவுக்கு, அவர்களே எழுதியவை கிடைப்பதில்லை.

இந்த மிஷனின் எழுத்துப் பணிகளில் மக்கள் வாழ்வோடு ஒட்டியது, எட்வர்ட் வெப் என்ற மிஷனெரி 1853-இல் தொகுத்து வெளியிட்ட கீர்த்தனைத் திரட்டு. மேனாட்டு இராகங்களுக்குப் பொருந்த மொழிபெயர்த்த பாட்டுகள் தமிழர் நாவில் ஏறவில்லை என்பதை உணர்ந்து, தஞ்சை வேதநாயக சாஸ்திரியாருடைய கீர்த்தனைகளையே பெரிதும் தழுவி, நம் இராக தாளங்களில் அமைந்த பாட்டுகளைச் சபையின் வழிபாட்டுக்கு அவர் கொண்டுவந்தார். 1774-இல் பிறந்த சாஸ்திரியார் அப்பொழுது எண்பதை நெருங்கிய முதியவர். அவருடைய வாலிபத்திலும் நடுவயதிலும் பிறந்த பாட்டுகள் அவர் காலத்திலேயே வைகைக் கரையில் ஒலிக்கத் தொடங்கின.

தமிழ்க் கிறிஸ்தவர் வீடுகளில் வேதப் புத்தகத்தோடு கூட வைக்கப்பட்டிருக்கும் பாட்டுப் புத்தகத்தின் பொருளடக்கத்தை ஊன்றிப் படித்தால் ஓர் உண்மை தெளிவாகும். காலை, மாலை, ஞானஸ்நானம், பிள்ளைகள், மனந்திரும்புதல், திடப்படுத்தல், விவாகம், வருஷப்பிறப்பு, அறுப்பு, வியாதி, அடக்கம் எனச் செல்லும் அந்தத் தலைப்புகள், சரித்திரத்தில் பெயர் பொறிக்கப்படாத ஒரு சாதாரணக் குடும்பஸ்தனின் சரித்திரம். கத்தோலிக்கர் மரபிலும் ஞானஸ்நானம், புதுநன்மை, உறுதிபூசுதல், மெய்விவாகம், அவஸ்தைப்பூசுதல் என்று தேவதிரவிய அனுமானங்கள் ஆயுளை அளந்து நிற்கின்றன. மதுரைச் சமவெளியில் நடுவயது கிறிஸ்தவன் தன் வளர்ச்சியைப் பற்றிக் கட்டுரை எழுதவில்லை. சபையோடு சேர்ந்து பாடினான். தன் மகனின் திருமணத்தில் பாடிய பாட்டே தன் திருமணத்திலும் பாடப்பட்டது என்பதையும், தகப்பனை அடக்கம் செய்தபோது பாடியதையே தன் அடக்கத்தில் பிள்ளைகள் பாடுவார்கள் என்பதையும் அறிந்தவனாய்ப் பாடினான்.

திருச்சபை ஆண்டும் இம்மண்ணின் ஆண்டோடு இணங்கிப் புதிய பொருள் பெற்றது. ஐரோப்பாவில் உறைபனியின் நடுவே வரும் கிறிஸ்து பிறப்பு, இங்கே வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வயல் பச்சை கட்டி நிற்கையில் வருகிறது. அங்கே பனி உருகி இளவேனில் தொடங்கும் முன்னர் அனுசரிக்கும் தவக்காலம், இங்கே தை அறுப்பு முடிந்து, வயல் வெறிச்சோடி, வெயில் ஏறத் தொடங்கும் மாசி, பங்குனி மாதங்களில் விழுகிறது. நிறைவுக்குப் பின் வரும் வெறுமையை நோன்பாக ஏற்பது என்பது இந்நாட்டு விவசாயிக்குக் கண்ணெதிரே விளங்கும் பாடம். 1895-இல் பெரியாற்று நீர் மலையைக் கடந்து மதுரை, மேலூர் வயல்களுக்கு வந்த பின்னர் விளைச்சல் உறுதிப்பட்டது. அறுப்பின் பண்டிகையில் நெல்லும் காய்கனியும் கோழியும் காணிக்கையாகக் கொண்டுவரும் வழக்கம், உழைப்பின் பருவத்தையும் வழிபாட்டின் பருவத்தையும் ஒன்றாக்கிற்று.

இதே நூற்றாண்டில் மதுரைக்குத் தெற்கே, நெல்லைச் சீமையில், எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1894-இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம், ஜான் பனியனின் ஆங்கில நூலைத் தழுவி எழுந்தது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணியப் பருவங்கள் என ஐந்தாக அவர் காப்பியத்தை அமைத்தது தமிழ் மரபோடு கூடிய ஏற்பாடு. ஆயினும் அதன் தலைவன் மனைவி மக்களை விட்டுத் தனியே ஓடும் யாத்திரிகன். இதற்கு மாறாக, மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1859-இல் வெளியிட்ட நீதிநூல், தாய் தந்தை, பிள்ளைகள், கணவன் மனைவி, ஆசிரியர், அதிகாரி என்ற உறவுகளுக்குள்ளேயே ஆன்ம வளர்ச்சியைத் தேடுகிறது. உத்தியோகமும் குடும்பமும் உடைய இக்கத்தோலிக்கக் கவிஞர், தாது வருஷப் பஞ்சத்தில் தம் பொருளைக் கொண்டு ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார். தாம் எழுதிய நீதியைத் தம் நடுவயதில் நடத்திக் காட்டினார்.

முதுமையின் பணி

முதுமையைப் பற்றி இம்மரபு விட்டுச்சென்ற சான்றுகள் செழுமையானவை. 1820 ஏப்ரல் 24-இல் பிறந்து, பத்தொன்பது வயதில் தமிழ்நாட்டுக்கு வந்து, திருக்குறளையும் நாலடியாரையும் ஆங்கிலமாக்கிய ஜி.யு. போப் ஐயர், திருவாசக மொழிபெயர்ப்பின் முன்னுரைக்குத் தம் எண்பதாம் பிறந்த நாளையே தேதியாக இட்டு 1900-இல் அதை வெளியிட்டார். பெரும்பணி ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நெடுநாள் வாழும் வழி என்று தம் நண்பரான ஜோவெட் ஊக்கியதை அவர் அம்முன்னுரையில் நன்றியோடு நினைவுகூர்கிறார். மதுரைக்கு அருகே திருவாதவூரில் தோன்றி, பாண்டியனின் அமைச்சராயிருந்து, பதவி துறந்து பாடிய மாணிக்கவாசகரின் கண்ணீரை, வேறு சமயத்துப் போதகர் ஒருவர் தம் முதுமையில் தம் கண்ணீராக உணர்ந்தார் என்பது, வயது ஏற ஏறச் சமய உணர்வு சுருங்கவேண்டுவதில்லை, விரியவும் கூடும் என்பதற்குப் போதிய நிரூபணம்.

பல பத்தாண்டுகள் மதுரையில் மிஷனெரியாக உழைத்த ஜான் எஸ். சாண்ட்லர், மற்றவர்கள் ஓய்வை நாடும் வயதில், 1913-இல் மதுரையில் தொடங்கிய தமிழ்ப் பேரகராதிப் பணியின் பதிப்பாசிரியப் பொறுப்பை ஏற்றார். மு. இராகவையங்கார் முதலிய புலவர்களோடு கூடி, முடிவைத் தாம் காணமுடியாத பெருவேலையில் இறங்கிச் சொற்களைத் திரட்டிய அவருடைய செயலில், பலனைப் பின்வருவோருக்கு விட்டுவைக்கும் முதுமையின் சிறப்பு விளங்குகிறது.

1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உதயமானபோது, முப்பத்தேழு வயதில் மதுரை–இராமநாதபுரம் மறைமாவட்டத்தின் முதற் பேராயரான லெஸ்லி நியூபிகின் தம் வாழ்வை இரண்டு நூல்களில் பதிவு செய்திருக்கிறார். 1951-இல் வெளியான தென்னிந்திய நாட்குறிப்பு, கிராமச் சபைகளைச் சுற்றிவந்த இளம்பேராயரின் சுறுசுறுப்பைக் காட்டுகிறது. 1985-இல் வெளியான தன்வரலாறு, முடிவுறாத பணிகளின் பட்டியலாகத் தன் ஆயுளைப் பார்க்கும் முதியவரின் நிதானத்தைக் காட்டுகிறது. 1974-இல் இந்தியாவை விட்டுப் புறப்பட்ட அவரும் அவர் மனைவியும் ஆகாய விமானத்தில் ஏறாமல், சிறு மூட்டைகளோடு தரை வழியாகவே பேருந்துகளில் ஐரோப்பா போய்ச் சேர்ந்தனர். திருச்சபைப் பிதாக்கள் தோன்றிய கப்பதோக்கியாவில், உடன் வழிபட ஒரு கிறிஸ்தவரும் இல்லாமல் இருவரும் தனியே ஞாயிறு வழிபாடு நடத்தியதையும் அவர் எழுதியிருக்கிறார். எழுபது வயதைத் தாண்டிய பின்னர் பர்மிங்காம் நகரில் ஏழைகள் வாழும் பகுதியில் ஒரு சிறு சபையின் போதகராக அவர் அமர்ந்தார். அவர் பெயரை உலகறியச் செய்த நூல்கள் இந்த இறுதிப் பருவத்தில் எழுதப்பட்டவை. பேராயராயிருந்தவர் சிறு சபைப் போதகரானதைத் தாழ்வென்று எண்ணாத மனமே அந்நூல்களின் மூலதனம்.

மறுத்துப் பேசிய குரல்கள்

ஒவ்வொரு பருவமும் வளர்ச்சிக்கு வாய்ப்பு என்று சொல்லும்பொழுது, அந்த வாய்ப்பு எல்லோருக்கும் சமமாக அளிக்கப்பட்டிருக்கிறதா என்ற கேள்வி எழுந்தே தீரும். அந்தக் கேள்வியை எழுப்பியவர்களும் இவ்வட்டாரத்திலேயே தோன்றினர். 1925-இல் மதுரை மிஷனுக்கு வந்த அமெரிக்கரான ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தான், காந்தியடிகளின் இயக்கத்தில் ஈடுபட்டவரைத் தம் இல்லத்தில் ஏற்ற காரணத்தால் 1930-இல் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்து, மீண்டும் வந்து, மீண்டும் வெளியேற்றப்பட்டு, சுதந்திரத்துக்குப் பின் திரும்பி, காந்திகிராமத்தைச் சுற்றிய ஊர்களிலேயே தம் ஆயுளைக் கழித்தார். தம் தன்வரலாற்றை அவர் இந்தியாவில் ஒரு யாத்திரை என்று பெயரிட்டு எழுதினார். பிறருக்குக் கற்பிக்க வந்தவர் பிறரிடம் கற்பவராக மாறியதே அவர் கண்ட வளர்ச்சி.

1969-இல் அரசரடியில் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியாபிலஸ் அப்பாவு, பரட்டை அண்ணன் என்று அன்போடு அழைக்கப்பட்டவர், 2005-இல் மறைந்தார். கிராமத்து மெட்டும் பறையும் வழிபாட்டுக்கு உரியவை என்று நிலைநாட்டிய அவர், ஓர் உலையில் சமைத்து எல்லோரும் ஒருங்கே உண்ணும் நிலையே தேவராஜ்யத்தின் அடையாளம் என்று போதித்தார். அண்டை வீட்டான் தன்னோடு உண்ண வழியில்லாமல் இருக்கையில் ஒருவன் தன் ஆன்மா மட்டும் வளர்ந்துவிட்டதாகக் கருதுவது மயக்கம் என்பதே அவருடைய இறையியலின் உட்பொருள்.

1992-இல் மதுரையிலிருந்து வெளியான பாமாவின் கருக்கு இந்த ஆய்வில் தனியிடம் பெறுகிறது. வத்திராயிருப்புக்கு அருகே தலித் கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்த ஒரு பெண்ணின் குழந்தைப் பருவம், கோயில் திருநாட்கள், படிப்பு, ஆசிரியப் பணி, ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கும் ஆவலால் ஏற்ற கன்னியர் மடத்து வாழ்வு, அங்கே கண்ட பேதம், ஏழு ஆண்டுகளுக்குப் பின் மடத்தை விட்டு வெளியேறியது, அதன் பின் வந்த தனிமை ஆகியவற்றை அவ்வூர்ப் பேச்சு மொழியிலேயே அந்நூல் சொல்லுகிறது. நொபிலியின் கதை துறவுக்குள் புகுந்தவனுடையது. பாமாவின் கதை துறவை விட்டு வெளிவந்தவளுடையது. வானவன் வளனைக் காட்டிலிருந்து வீட்டுக்குத் திருப்பிய தேம்பாவணி நிகழ்ச்சியோடு சேர்த்துப் படித்தால், வெளியேறுவதும் அழைப்பாக இருக்கக்கூடும் என்பது விளங்கும். ஆனால் வளனுக்குத் திரும்பிச் செல்ல ஒரு வீடும் மரியாதையும் இருந்தன. பாமாவோ வேலையும் துணையும் இன்றித் தன் நடுவயதைத் தானே கட்டவேண்டியவரானார். மனிதன் வளர்வதற்கு அருள் மட்டும் போதாது, அவனைச் சுற்றியுள்ள சமூகமும் வளரவேண்டும் என்ற பாடத்தை இம்மரபுக்கு அந்நூல் கற்பித்தது.

முடிவாக

மேலே கண்டவற்றைத் தொகுத்தால், மதுரை வட்டாரத்துக் கிறிஸ்தவச் சிந்தனையில் வளர்ச்சி என்பது சேர்த்துக்கொள்வதாக ஓரிடத்திலும் பேசப்படவில்லை. இளமையில் தன் விருப்பத்தை ஒப்படைத்தல், நடுவயதில் தன் உழைப்பை ஒப்படைத்தல், முதுமையில் தன் இடத்தையே பிறருக்கு ஒப்படைத்தல் என்ற ஒரே இழை நொபிலி முதல் நியூபிகின் வரையில் ஓடுகிறது. இவ்வொப்படைப்பு கட்டாயத்தால் நிகழாமல் சுதந்திரத்தோடு நிகழவேண்டும் என்ற திருத்தத்தைப் பாமா போன்றவர்கள் சேர்த்தார்கள். இந்த இரண்டும் சேர்ந்ததே முழுமையான போதனை.

எஞ்சி நிற்கும் குறை நாம் முதலில் சுட்டியதே. முதல் பருவத்துக்கும் இறுதிப் பருவத்துக்கும் ஆசான்கள் பலர் கிடைத்திருக்க, நடுப்பருவத்துக்குத் தேம்பாவணியும் நீதிநூலும் பாட்டுப் புத்தகமுமே பெரும்பாலும் துணை. பள்ளி ஆசிரியர்கள், உபதேசியார்கள், வேதாகம ஸ்திரீகள், மருத்துவமனைத் தாதியர், ஆலைத் தொழிலாளர், வயலில் நட்டு அறுத்த பெண்கள் ஆகியோர் எவ்வாறு கடனிலும் நோயிலும் பிள்ளை வளர்ப்பிலும் தம் விசுவாசத்தைக் காத்துப் பக்குவம் அடைந்தார்கள் என்ற சரித்திரம் எழுதப்படவில்லை. எழுதுவதற்குரிய ஆதாரங்களோ அழிந்துபோகவில்லை. ஆலயங்களில் ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகள் இருக்கின்றன. பழைய குடும்ப வேதப் புத்தகங்களின் முன்னேடுகளில் பிறப்பும் இறப்பும் பாட்டன்மார் கையெழுத்தில் குறிக்கப்பட்டிருக்கின்றன. பெட்டிகளில் கடிதங்கள் கிடக்கின்றன. அவற்றுக்கெல்லாம் மேலாக, நினைவு மங்காத முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர்.

மதுரையிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள கல்லூரிகளும் குருமடங்களும் இப்பணியை ஆராய்ச்சிப் பொருளாக ஏற்கவேண்டும். ஒவ்வொரு சபையும் தன் பதிவேடுகளைச் செல்லரிக்க விடாமல் காக்கவேண்டும். வாசகர்களும் தங்கள் வீட்டு முதியவர்களிடம் அமர்ந்து, அவர்கள் நாற்பது வயதில் எதை நம்பி வாழ்ந்தார்கள் என்று கேட்டு எழுதிவைக்கவேண்டும். வீரமாமுனிவர் ஒரு தச்சனுக்குச் செய்த கௌரவத்தை, நம் தாய் தந்தையருக்கு நாம் செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம்.